மோட்டாரைக் கழற்றும் முன்



வளப்பூர் நாட்டு சாமை மில் மோட்டார் மறுபடியும் புகைந்துவிட்டது, வைண்டிங் கட்ட நாமக்கல்லுக்கு அனுப்பப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். பொறு, தம்பி. மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஏறி வரும் மோட்டாரை அதே ஒயரில் மாட்டினால் திரும்பவும் புகையும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே மோட்டாருக்கு இரண்டு தடவை வைண்டிங் கட்டிக் கொடுத்தவன் நான். ஒயரை ஒருதடவைகூடக் கணக்குப் பார்க்கவில்லை. மில்காரர் செலவழித்த பணம் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

மீட்டர் பெட்டியிலிருந்து கொட்டகைக்கு நூறு மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றாய். போக நூறு, வர நூறு. அந்தக் கனத்துக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம், ஆக உன் ஒயரின் தடை ஏறக்குறைய 1.5 ஓம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் என்று வை. வழியில் விழுவது 10.5 வோல்ட். அது பரவாயில்லை.

கிளம்பும் நொடியைப் பார். ஐந்து மடங்கு, 35 ஆம்பியர் இழுத்தால் 52 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். பெட்டியில் 230 காட்டினாலும் மோட்டாருக்குக் கிடைப்பது 178. சுழற்றும் வலு வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். அறுபது சதவீதம்தான் மிச்சம். மெஷினில் சாமை நிறைந்திருந்தால் மோட்டார் உறுமும், சுற்றாது. கரண்டும் இறங்காது. வெப்பம் கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் வைண்டிங்குக்குள் இருபத்தைந்து மடங்கு சூடு. வார்னிஷ் கருகி மூக்கில் ஏறிய வாடை அதனால்தான்.

6 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தால் தடை சுமார் 0.6 ஓம். அதே 35 ஆம்பியருக்கு 21 வோல்ட்தான் விழும்.

ஒன்றை மறக்காதே. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை என்பது இஸ்திரிப் பெட்டிக்குச் சரி: 750 வாட் பெட்டி 230 வோல்டில் 3.26 ஆம்பியர், எழுபது ஓம் சொச்சம். 178 வோல்டில் அதே பெட்டி 450 வாட்கூடத் தராது. மோட்டாருக்கு இந்த வகுத்தல் பொருந்தாது. அதன் சுருளை ஓம்மீட்டரில் அளந்தால் சில ஓம்தான் வரும். ஓடும்போது அது உண்டாக்கும் எதிர் வோல்டேஜ்தான் கரண்டை மட்டுப்படுத்துகிறது. சுற்றாத மோட்டாருக்கு அந்தக் காவல் இல்லை. வாட் கணக்கிலும் பவர் ஃபேக்டரைச் சேர்க்க வேண்டும்.

இந்த வகுத்தல் விதியைக் கண்ட ஓம், கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பேட்டரியின் வோல்டேஜ் நிலையாக நிற்கவில்லை என்று, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து அளந்தார். அந்த விதியை 1827-இல் புத்தகமாக வெளியிட்டார். மலையில் உனக்கு வரும் வோல்டேஜும் ஆடும். ஆகவே வோல்டேஜையும் கரண்டையும் ஒரே நேரத்தில் பார்.

புது ஒயர் வரும்வரை, மெஷினைக் காலியாக ஓடவிட்டுப் பிறகு சாமையைக் கொட்டச் சொல். மோட்டார் முனையில் வோல்டேஜ், கிளாம்ப் மீட்டரில் கரண்ட்: கிளம்பும்போது ஒன்று, ஓடும்போது ஒன்று என்று நான்கு எண்களை நோட்டில் எழுது. அடுத்த முறை கீழே வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.