கோலா சாவாவில் களைக்கு நாள் குறிப்பது எது?

குளிர்நாடுகளில் புல்வெளி வைத்திருப்பவர்கள் மண்ணுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பார்கள். பனிக்காலம் முடிந்து மேல்மண் சில நாள் தொடர்ந்து 13 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அங்குள்ள நண்டுப்புல் விதை முளைக்கத் தொடங்கும். முளைக்குமுன் தடுக்கும் மருந்து அதற்குள் மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். கோலா சாவாவில் இந்தக் கணக்கு உதவாது. இங்கே மண் எந்த மாதமும் விதை முளைக்கும் சூட்டில்தான் இருக்கிறது.

இங்கே நாள் குறிப்பது மழை. கோலா சாவா இருக்கும் நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதியில் ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் சற்றுக் காயும். காய்ந்த மண்ணில் கிடந்த விதைகள் முதல் மழைகளில் ஒன்றாக எழும்பும். ஆகவே மருந்துதான் போடுவது என்று முடிவெடுத்தால், மார்ச் கடைசியும் செப்டம்பர் கடைசியும் ஏற்ற நேரம்.

பெண்டிமெத்தலின் போன்ற மருந்து மேல்மண்ணில் படலமாக நின்று, முளைவிடும் வேரை முடக்கும். அது மண்ணில் இறங்க மிதமான மழையோ, நீர் பாய்ச்சலோ வேண்டும். அடித்த சற்று நேரத்தில் பேய்மழை பிடித்தால் பாதி மருந்து கால்வாய்க்குப் போய்விடும். இன்னொன்று, சூடும் ஈரமும் உள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் மருந்தை வேகமாகச் சிதைக்கும். குளிர்நாட்டில் தாங்கும் காலத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். புதிதாகப் பதித்த புல்லுக்கு இதைப் போடவே கூடாது. அதன் வேரும் முடங்கும்.

முளைத்த பிறகு அடித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குச் சம்பாவ் புல்லைக் காட்டுவேன். கேழ்வரகின் உறவான இந்தப் புல்லில், கிளைபோசேட் களைக்கொல்லிக்கு அடங்காத வகை 1990களிலேயே மலேசியாவில் கண்டறியப்பட்டது. மருந்தின் மீது எனக்குள்ள தயக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு. தோட்டங்களில் மருந்துப் பம்பை முதுகில் சுமந்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். அவர்கள் அடித்த பாராகுவாட் களைக்கொல்லி இந்நாட்டில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரி 1இல்தான். வீட்டு வாசலுக்கு வாங்கும் போத்தலானாலும் கையுறை, நீளக்கைச் சட்டை, மூடிய காலணி மூன்றும் கட்டாயம்.

எனக்குப் பிடித்த வழி மண்ணைப் புல்லால் மூடுவது. நண்பகலில் வெறும் மண்ணில் ஒரு கையும், அடர்ந்த புல்லுக்கு அடியில் மறு கையும் வைத்துப் பாருங்கள்; சூட்டில் வித்தியாசம் தெரியும். மண்வெப்பம் நமக்கு உதவுவது இங்கேதான். சம்பாவ் விதைக்கு வெளிச்சமும், பகலில் கொதித்து இரவில் ஆறும் மண்ணும் பிடிக்கும். நிழல் விழுந்த மண்ணில் இந்த இரண்டும் குறைகின்றன. ரப்பர்க் கன்றுகளின் வரிசைகளுக்கு நடுவே புவேரியா, கலப்பகோனியம் கொடிகளைப் படரவிட்ட தோட்ட வழக்கத்திலும் இந்த அறிவு இருந்தது. வாசலுக்கு அந்தக் கொடி சரிப்படாது. அகல இலை கொண்ட கவ்கிராஸ் போதும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள். சொட்டைகளில் மழைக்காலத் தொடக்கத்திலேயே புல் துண்டு பதியுங்கள்.

கோயில் வளாகம், பள்ளித் திடல் போன்று ஆள் நடமாட்டத்தால் புல் தேயும் இடங்களில் மூடுவது மட்டும் போதாது. அங்கே கையால் பிடுங்குவதையே முதலில் சொல்வேன், அதுவும் கதிர் விடுமுன். குழந்தைகள் உருண்டு விளையாடும் மண்ணில் மருந்து வேண்டாம்.

கோரை வேறு கதை. அது கிழங்கிலிருந்து வருவதால் பெண்டிமெத்தலின் அதைத் தடுக்காது. இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு உள்ளே தங்கும். மழை பெய்த மறுநாள் காலையில், மண் இளகியிருக்கும்போது, சிறு மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டிக் கிழங்கோடு எடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள். விடுபட்ட கிழங்கு பச்சை காட்டியிருக்கும்.