ஒட்டுமுடி: பசை வாங்கும் முன் கழற்றும் வழியைக் கேளுங்கள்

இடுக்கியில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஆனைக்கரை. பாலக்காட்டில் பாரதப்புழைப் பக்கம் இன்னோர் ஆனைக்கரை. மலையில் இருப்பதில் ஆடி மாதம் துவைத்துப்போட்ட துணி லேசில் ஈரம் விடாது. புழையோரம் இருப்பதில் பங்குனி வெயிலுக்கு நெற்றி வேர்வை நிற்காது. தலையில் முடி ஒட்டும் பசைக்கு இந்த ஈரமும் ஆகாது, அந்த வேர்வையும் ஆகாது.

கல்யாணத்துக்கும் ஓணத்துக்கும் திருவாதிரைக் களி ஆட்டத்துக்கும் பார்லரில் கேட்கிற தொகையைக் கேட்டுவிட்டு, முடியையும் பசையையும் ஆன்லைனில் வரவழைத்து வீட்டிலேயே ஒட்டிக்கொள்கிறவர்கள் இப்போது நிறைய. செய்யலாம். பொறுமை வேண்டும், பின்தலையைப் பார்த்துச் செய்ய இன்னொரு ஆளும் வேண்டும்.

1. பசை வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி: "இதை எதைப் போட்டு எடுக்கணும்?" பதில் தெரியாத கடையில் வாங்க வேண்டாம். வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ரப்பர் பால் கலந்த திரவப் பசை, இது எண்ணெய்க்கு இளகும். இருபக்கமும் ஒட்டுகிற டேப், இது அக்ரிலிக் பசை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த ரிமூவருக்கோ ஆரஞ்சுத்தோல் எண்ணெய் கலந்த ரிமூவருக்கோ விட்டுக்கொடுக்கும். மூன்றாவது கெரட்டின் நுனி. சூடு காட்டி உருக்கி ஒட்டுவது. ஆல்கஹால் ஜெல்லைத் தடவி, சின்னக் குறடால் நசுக்கினால் பொடிந்து வரும். கதகளியில் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்து முகத்தில் வைக்கும் சுட்டி, விடிய விடிய ஆடினாலும் அசையாது. ஆட்டம் முடிந்ததும் உரிந்து வந்துவிடும். தலைக்கு வைக்கும் பசையிடமும் அதையே எதிர்பாருங்கள். ரிமூவரையும் பசையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஒட்டிய பிறகு தேடினால் கிடைக்காது.

2. ஒரே ஒரு நாள் விசேஷத்துக்குப் பசையே வேண்டாம். கிளிப் வைத்த முடி இருக்கிறது, சவுரி இருக்கிறது. பின்னலோடு சேர்த்துப் பின்னி, குஞ்சலம் கட்டி, பூவைச் சுற்றிவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அரங்கேற்றம் செய்கிற பெண்கள் காலங்காலமாகச் சவுரி வைத்துத்தான் ஆடுகிறார்கள். பசை என்பது வாரக்கணக்கில் முடி தலையிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு.

3. டேப் ஆறிலிருந்து எட்டு வாரம் தாங்கும். கெரட்டின் மூன்று, நான்கு மாதம். திரவப் பசை ஒன்றிரண்டு வாரம்தான். அதற்குமேல் இழுத்தடிக்க வேண்டாம். முதல்முறை வீட்டில் செய்பவர்களுக்கு நான் சொல்வது டேப்தான். சூடு வேண்டாம், தப்பாக ஒட்டினாலும் எடுத்துவிடலாம், முடி வீணாகாது.

4. பசைக்கு முன் முடியைச் சோதியுங்கள். ஒரே ஓர் இழையை எடுத்து, வாஷ்பேசின் மேல் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். உண்மையான முடி கருகும், முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும், விரலில் தேய்த்தால் சாம்பலாகும். நைலான் என்றால் உருகிச் சுருண்டு குண்டுமணியாகும். அதில் கெரட்டினை உருக்கும் சூட்டு இரும்பை வைத்தால் பசைக்கு முன் முடி உருகிவிடும்.

"ரெமி" என்று போட்டிருந்தால் வேரும் நுனியும் ஒரே திசையில் அடுக்கிய முடி என்று அர்த்தம். மொட்டை அடித்த முடியை அப்படிக் கட்டாக எடுக்க முடியும். பாலக்காட்டிலிருந்து பழனிக்குப் போய் மொட்டை போடும் குடும்பங்கள் நிறைய. பழனியிலும் திருப்பதியிலும் சேரும் காணிக்கை முடி ஏலத்துக்குப் போய், தரம் பிரிக்கப்பட்டு, வெளிநாட்டுத் தலைகள் வரை போகிறது. 2004-ல் இது கோயில் காணிக்கை என்று தெரிந்து ஜெருசலேமின் யூத மதகுருக்களான ரப்பிகள் இந்திய முடி விக்குகளை விலக்கச் சொன்னார்கள். நியூயார்க் புரூக்ளினில் தெருவிலேயே விக்குகளைக் கொளுத்தினார்கள். நம் பக்கம் அந்த விவகாரம் அதிகம் பேர் காதுக்கு வரவில்லை. இன்னொரு வகை, சீப்பில் உதிர்ந்ததை வீடு வீடாக வாங்கிச் சேர்த்த முடி. அதன் செதில்கள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் சிக்காகும். சிக்காகாமலிருக்க அமிலத்தில் போட்டுச் செதிலை நீக்கி, சிலிகான் பூசி விற்கிறார்கள். பளபளவென்றுதான் இருக்கும். அந்தப் பூச்சின் மேல் டேப் சரியாகப் பிடிக்காது, நாலைந்து குளியலுக்குப் பிறகு பூச்சும் போய் முடி சடையாகும்.

5. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூ, கைவினைப் பொருட்களுக்கான க்ளூ கன் குச்சி, செருப்புக்கு ஒட்டும் பசை, மரத்துக்கு ஒட்டும் பசை: எதுவும் தலைக்கு வேண்டாம். க்ளூ கன் குச்சி பார்வைக்குக் கெரட்டின் குச்சி போலவே இருக்கும், அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். சூப்பர் க்ளூ, பருத்தித் துணியிலோ பஞ்சிலோ பட்டால் தோல் வேகும் அளவுக்குச் சூடாகும். அதை அசிட்டோன்தான் கரைக்கும், அசிட்டோனைத் தலைத்தோலில் ஊற்ற முடியாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த டெசிகா பிரவுன் என்ற பெண் உலகம் முழுக்கப் பேசப்பட்டது இப்படித் தலைக்கு ஆகாத ஒரு பசையால்தான். ஹேர் ஸ்ப்ரே தீர்ந்துபோனது என்று கொரில்லா க்ளூ ஸ்ப்ரேயைத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மாதம், எத்தனையோ முறை அலசியும் மயிரிழை அசையவில்லை. கடைசியில் கலிபோர்னியாவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் மணிக்கணக்கில் உட்கார்ந்து கரைத்து எடுத்தார்.

6. திரவப் பசையின் லேபிளில் "லேடெக்ஸ்" என்று இருந்தால் அது ரப்பர் பாலேதான். ரப்பர் தோட்டங்கள் உள்ள ஊர்க்காரர்களுக்கு அதன் குணம் தெரியும்: கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள், சிலருக்குக் கையில் பட்டாலே தடிப்பு வரும். ரப்பர் கையுறையோ பலூனோ பட்டு அரித்திருந்தால் இந்தப் பசை பக்கமே போகாதீர்கள். வாழைப்பழமோ பப்பாளியோ அவகேடோவோ தின்றால் வாய் அரிக்கிறது என்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு இந்தப் பழங்களும் ஒத்துக்கொள்வதில்லை.

7. எந்தப் பசையானாலும் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். டேப் என்றால் ஒரு துண்டை முழங்கையின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். ரிமூவரையும் இதே மாதிரி சோதிக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு முதல்நாள் ராத்திரி பொட்டலத்தைப் பிரித்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

8. இப்போது நம் ஊரின் பெரிய சிக்கல்: எண்ணெய். பிறந்தது முதல் தேங்காயெண்ணெய் ஊறிய தலை நமக்கு. ஒருநாள் வைக்காமல் இருந்தால் போதாது. ஒட்டுவதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். ஒட்டும் நாளில் சாதாரண ஷாம்பு போட்டு இரண்டு தடவை அலசுங்கள், கண்டிஷனர் கூடாது. அன்றைக்குச் சீயக்காயும் வேண்டாம். செம்பருத்தி இலையை அரைத்த தாளி அறவே வேண்டாம். தாளியின் வழவழப்பு முடிமேல் மெல்லிய படலமாக நிற்கும், டேப் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டு முடியை விட்டுவிடும். பிறகு வேர் வரைக்கும் நன்றாகக் காய வேண்டும். மலைப்பக்கம் மழைக்காலத்தில் கைக்குக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். டிரையர் போட்டுவிடுவதே நல்லது.

9. முடி ஒட்டுவது முடியோடு, தோலோடு அல்ல. தலைத்தோலிலிருந்து சுண்டுவிரல் அகலம், அதாவது ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நெற்றியோரத்திலும் பிடரியிலும் ஓர் அங்குல முடியைத் தொடாமல் விடுங்கள். அங்கே முடி மெலிசு, பாரம் தாங்காது, கொண்டை போட்டால் பசையும் வெளியே தெரியும். வால் சீப்பால் நேர்வகிடு எடுத்து, பின்னாலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகப் போங்கள்.

10. டேப் ஒட்டும் விதம்: மெலிதாக ஒரு வரிசை முடியை எடுத்து, அடியில் ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, நடுவில் உங்கள் முடி. நடுவில் முடி அதிகமானால் இரண்டு டேப்பும் சந்திக்காமல் வழுக்கும். குறைந்தால் அந்த நாலு இழைமேல் முழுப் பாரமும் விழுந்து வேரோடு வரும். மேல் டேப்பை வைக்கும் முன், கீழே இருப்பது முடியின் ஊடே நிழல் போலத் தெரிய வேண்டும், அளவு அதுதான். விரலால் அழுத்தி, மெல்லத் தேய்த்து, அடுத்ததற்குப் போங்கள். பசைப் பக்கத்தில் விரல் படக்கூடாது.

11. கெரட்டின் என்ற பெயரைப் பார்த்து முடிக்குச் சத்து என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகைதான். கெரட்டின் கொஞ்சம் கலந்திருக்கும். உருக்கும் இரும்பு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகும். தனியாகச் செய்யவே கூடாது. தலைத்தோலை மறைக்க நடுவில் ஓட்டை போட்ட அட்டை வைத்து, அதன் வழியாக முடியை இழுத்து, பசை பாகுபதம் வந்ததும் இரும்பை எடுத்துவிட்டு விரலில் உருட்ட வேண்டும். முழுத் தலைக்கு நூறு, நூற்றைம்பது இழை ஆகும். கை பழகாதவர்களுக்கு ஒரு பகல் போய்விடும். இதற்கு மட்டும் பார்லருக்குக் காசு கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

12. ஒட்டி 48 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, வேர்க்கும் வேலையும் கூடாது. தனுமாதத் திருவாதிரைக்கு விடியற்காலை குளத்தில் முங்குகிறவர்கள் நாளைக் கணக்குப் பார்த்து ஒட்டுங்கள்.

13. மலையில் இருப்பவர்கள்: டேப் சுருளைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள், மாத்திரை டப்பாவில் வரும் பொட்டலமே போதும். மழை மாதங்களில் குளித்த ஈரத்தோடு கொண்டை போட்டால் ஒட்டிய இடத்தில் பூஞ்சை வாடை வரும். ஏலக்காய் உலர்த்தும் அறையில் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சூட்டில் டேப் இளகி வழுக்கும். சமவெளியில் இருப்பவர்களுக்குக் கோடைதான் பகை. மார்ச், ஏப்ரலில் டேப் சொன்ன காலத்துக்கு முன்பே நழுவும். அந்த மாதங்களில் கிளிப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

14. தலைக்குக் குளிக்கும்போது குனிந்து முன்பக்கம் போட்டு அலசாதீர்கள், நிமிர்ந்து நின்று மேலிருந்து கீழே. கண்டிஷனரும் எண்ணெயும் காதுக்குக் கீழேதான். சிக்கெடுக்கும்போது ஒட்டிய இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே வாருங்கள். தூங்கும்போது தளர்வாக ஒற்றைப் பின்னல்.

15. பேன்! யாரும் சொல்லாத விஷயம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற வீடு என்றால் பேன் எப்போது வேண்டுமானாலும் வரும். ஒட்டுமுடி இருக்கும் தலையில் பேன்சீப்பு ஓடாது, பேன் மருந்து பசையை இளக்கலாம். பிள்ளையின் தலையைப் பார்த்துவிட்டு உங்கள் தலையில் கைவையுங்கள்.

16. மாதத்துக்கு முடி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். பசையும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும், இறங்க இறங்க இழுவை கூடும். நாளும் ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. பசைக்குள் மாட்டியது மட்டும் விழாமல் அங்கேயே தங்கும். கழற்றும்போது கொத்தாகக் கையில் வந்தால் அலற வேண்டாம், அத்தனை நாள் உதிர்ந்ததன் கணக்கு அது. ஆனால் ஒட்டியிருக்கும்போதே வேரில் வலி, சின்னக் கொப்புளம், வகிடு அகலமாவது என்று தெரிந்தால் தேதி பார்க்காமல் கழற்றுங்கள். இழுத்து இழுத்து உதிர்ந்த முடி நாள்பட்டால் திரும்ப முளைக்காமலே போகலாம். பிரசவத்துக்குப் பிந்திய முடி உதிர்வு, தைராய்டு, தலையில் சொரியாசிஸ், திட்டுத்திட்டாகச் சொட்டை உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

17. கழற்றும் நாளில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. ஆல்கஹால் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரிமூவரை ஊறவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். தானாக நழுவ வேண்டும். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ரிமூவர், இன்னும் ஐந்து நிமிடம். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

18. எடுத்த டேப் முடியைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய பசையை ரிமூவரில் துடைத்து, ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, புது டேப் மாற்றினால் இன்னும் இரண்டு மூன்று முறை வரும். உங்கள் தலைக்கு மட்டும் நடுவில் இரண்டு வாரம் விடுமுறை கொடுங்கள். நிறுத்திவைத்த தேங்காயெண்ணெயை அந்த இரண்டு வாரத்தில் ஆசை தீர வைத்துக்கொள்ளலாம்.