அருமண் நிறுவனங்களை ஒப்பிடும் முறை

ஓசூரில் உருவாகும் மின் ஸ்கூட்டர்களின் மோட்டாருக்கு அருமண் காந்தம் தேவை. 2025 ஏப்ரலில் சீனா அருமண் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின், அருமண் சுரங்கப் பங்குகளில் பலர் நாட்டம் கொண்டுள்ளனர். சேமிப்பை இடுமுன் அன்பர்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

ஒன்று: பங்கு விற்பனைக்கு உண்டா? 1950இல் தோன்றி, மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து தாது பிரிக்கும் ஐ.ஆர்.இ.எல். மத்திய அரசு நிறுவனம், பங்குச்சந்தையில் இடம்பெறவில்லை. அதன் பங்கென்று எவரேனும் விற்க வந்தால் நம்பற்க.

இரண்டு: தோண்டுவதோடு நிற்கிறதா? ஒத்த இயல்புடைய தனிமங்களைப் பிரித்தெடுப்பதே அரிய வேலை. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் அதனை மலேசியாவில் செய்கிறது. அமெரிக்காவின் எம்.பி. மெட்டீரியல்ஸ் 2025 வரை தாதுவைச் சீனாவுக்கு அனுப்பிவந்தது.

மூன்று: கழிவை என்செய்கிறது? மோனசைட் தாதுவில் கதிரியக்கத் தோரியம் உண்டு. அதனைக் காக்கும் செலவு இலாபத்தைக் குறைக்கும்.

இவற்றுக்கு விடை கூறாத நிறுவனம், பங்கு விலை எத்துணை ஏறினும், முதலீட்டுக்கு உரியதன்று.