எம்.ஏ. பொதுவில், பிஎச்.டி. தனித்துறையில்

திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ படிக்கிறீர்கள். இஸ்லாமும் பெண்களும் பற்றி ஆராய்ந்து பேராசிரியராக ஆசை. முதலில் வேலைக் கணக்கைப் பாருங்கள்.

எம்.ஏ. எதில்?
கல்லூரிப் பணியிடங்கள் பெரும்பாலும் வரலாறு, தமிழ், ஆங்கிலம் என்றே அறிவிக்கப்படுகின்றன. பெண்ணியல், இஸ்லாமியவியல் பெயரில் வருபவை சொற்பம். ஆகவே எம்.ஏ.வைப் பொதுப் பாடத்தில் முடித்துவிட்டு, விருப்பத்தை பிஎச்.டி. தலைப்பில் வையுங்கள். பெண்ணியல்தான் வேண்டும் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது.

நெட் தேர்வு
உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை. எம்.ஏ.வில் 55 சதவீதம் தேவை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ.37,000. அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. யுஜிசியின் 2022 விதிப்படி, பிஎச்.டி. முடிக்கவும் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு கேட்கலாம்.

தலைப்பு
‘இஸ்லாத்தில் பெண்களின் நிலை’ என்று போகாதீர்கள். அதில் கரையேற முடியாது. செஞ்சி, கோட்டக்குப்பம் என்று ஓர் ஊரைப் பிடியுங்கள். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். கைக்கூலி (வரதட்சணை) பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாண்டுப் பதிவுகளை வரிசைப்படுத்தினாலே கேள்வி தானாக எழும்.

வாசிப்பு
ஆமினா வதூத், ஃபாத்திமா மெர்னிஸ்ஸி, லைலா அஹ்மத் மூவரும் அடிப்படை. தமிழில் 1938-இல் நாவல் எழுதிய நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தையும் கவிஞர் சல்மாவையும் விடாதீர்கள். சட்டத்துக்கு ஜீவனாம்சம் பற்றிய ஷா பானு (1985), முத்தலாக் பற்றிய ஷாயரா பானு (2017) தீர்ப்புகளை முழுதாக வாசியுங்கள். செய்திச் சுருக்கம் உதவாது.

களம்
பதிவேட்டைப் பார்க்க ஜமாஅத் அனுமதி போதும். ஒரு பெண்ணின் கதையை எழுத அவர் சம்மதம் தனியாக வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது: சிற்றூரில் தெருவையும் கணவர் தொழிலையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். நம் பக்கம் உருது பேசும் குடும்பங்களும் உண்டு. பேச்சு உருதாவது பழகிக்கொள்ளுங்கள்.

கைடு
ஒரு கைடிடம் சேருமுன், அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்பவர்களைச் சந்தியுங்கள். அத்தியாயத்தை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு கைடைத் தேடுங்கள்.