விரலடியும் ராக பாவமும்: நாதஸ்வரம் பயிலும் பிள்ளைகளுக்கு

காவிரிப் படுகையின் இசைப்பள்ளிகளிலிருந்து இன்று வெளிவரும் இளம் நாதஸ்வரக்காரர்களின் விரல் வேகம் மலைக்க வைக்கிறது. அலங்காரங்கள் மூன்று காலத்திலும் பிசகாமல் வருகின்றன. ஆனால் ஒரு ராகத்தை எடுத்து நிதானமாக வாசிக்கச் சொன்னால் பலருக்குப் பத்து நிமிடம் தாண்டுவதில்லை. வேகத்தைப் பள்ளியிலும் பாவத்தைப் பிற்பாடும் கற்கலாம் என்று பிரித்து வைத்ததால் வந்த வினை இது. நாதஸ்வரத்தில் அப்படிப் பிரிக்கவே முடியாது.

செய்ய வேண்டியவை

• முதலில் பாடுங்கள். வாயில் வராத சங்கதி சீவாளியில் வராது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாய்ப்பாட்டும் பயின்றவர். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டால், நல்ல பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் அவரும் வாங்குகிறார் என்பது புரியும். பியானோவில் ஒரு கட்டையை அழுத்திய பிறகு அந்தச் சுரத்தை அசைக்க வழியில்லை; அப்படிப்பட்ட கருவியைக் கற்பித்த ஷோப்பான்கூட, நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்றுதான் தம் மாணவர்களுக்குச் சொன்னார். சுரத்தை வளைக்கவும் இழைக்கவும் முடிந்த கருவி நம் கையில் இருக்கிறது.

• தோடியின் காந்தாரத்தை மட்டும் ஒரு காலைப்பொழுது முழுக்க ஊதிப் பாருங்கள். இலக்கணப்படி அது சாதாரண காந்தாரம். வாசிப்பில் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மத்யமத்தைத் தொட்டுத் தொட்டு ஆடும். விரல் வைக்கும் துளைகளோ ஏழுதான். துளையை அரைகுறையாக மூடுவது, உதட்டால் சீவாளியை இறுக்கித் தளர்த்துவது, மூச்சைக் கூட்டிக் குறைப்பது, இந்த மூன்றும் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் அந்த அசைவு பிறக்கும். வேகமான ஜண்டை வரிசையைவிட இது கடினமான விரல் வேலை. பாவம் என்று நாம் உருகுவதன் பாதி இந்த வேலைதான்.

• அடுத்து கௌளையின் ரிஷபம். சரளி வரிசையில் முதல் நாளே பழகிய மாயாமாளவகௌளைக்கும் இதற்கும் ஒரே சுத்த ரிஷபம்தான். ஆனால் கௌளையில் அது இன்னும் தாழ்ந்து நிற்கும். துளை மாறவில்லை, விரல் மாறவில்லை. காது சொன்னால்தான் இடம் மாறும். கௌளை பஞ்சரத்தினத்தை வாசிக்கத் துணிவதற்கு முன் இந்த ஒரு சுரத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

• கீர்த்தனையின் சாகித்யத்தை மனப்பாடம் செய்யுங்கள். திருவீழிமிழலைச் சகோதரர்களின் கீர்த்தனை வாசிப்புக்குப் பெயர் வந்தது, கேட்பவர் காதில் சொற்களே விழுவது போல இருந்ததால்தான். சொல் தொடங்கும் இடத்தில் துத்துக்காரம், நெடில் நீளும் இடத்தில் மூச்சு. சொல் தெரியாதவர் எங்கே நாக்கைத் தட்டுவார்?

• கருவியை அறியுங்கள். தாழ்ந்த சுருதிப் பாரி நாதஸ்வரத்தைப் பரப்பியவர் ராஜரத்தினம் பிள்ளை. அதில் சுத்த மத்யமம் சரியாகப் பேச வேண்டும் என்று அவர் கேட்க, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அப்படிச் செய்து கொடுத்தார். ஒரு வித்வானின் காது கேட்டதற்காகத் துளையின் இடமே நகர்ந்தது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சீவாளியையும் கடையில் கொடுத்ததை அப்படியே பொருத்தாமல், நான்கைந்தை எச்சிலில் ஊறவைத்து ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

• மல்லாரியைக் கணக்குச் சுத்தமாக வாசியுங்கள். கம்பீர நாட்டையில், சாகித்யமே இல்லாமல், சாமி புறப்பாட்டை ஊருக்குச் சொல்லும் உருப்படி அது. அங்கே திரிகாலமும் விரலடியும்தான் பாவம். குழைந்து குழைந்து வாசித்தால் சாமிக்கும் நடை வராது, பல்லக்குத் தூக்குபவர்களுக்கும் வராது.

செய்யக்கூடாதவை

• தவிலோடு ஓட்டப்பந்தயம் வைக்காதீர்கள். தனி தவில்காரர்களுடையது; அதை முழுமையாக அவர்களுக்கே விடுங்கள். ஆலாபனை நடுவில் தவில்காரர் உருட்டுச் சொல் ஒன்றை வீசியதும் பதிலுக்கு விரலை ஓடவிட்டால், அதுவரை கட்டிய ராகம் அந்த இடத்திலேயே சிதறிவிடும்.

• கைதட்டல் வந்த பிருகாவைத் திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள்.

• “எனக்கு பாவம்தான் முக்கியம்” என்று சொல்லிக்கொண்டு சாதகத்தைக் குறைக்காதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். ஒத்து விலகினால் தோடியும் இல்லை, பாவமும் இல்லை. மேல் ஷட்ஜத்தில் நின்று மூச்சு நடுங்காமல் நீட்ட முடியாதவருக்கு, மனத்தில் எவ்வளவு இருந்தாலும் வெளியே வராது.

• அதே சமயம், ஒரு சுரம் பிசகினால் முகம் வாடி நின்றுவிடாதீர்கள். பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபல் 1932 முதல் 1935 வரை பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் இசைத்தட்டில் பதிவு செய்தார். சில இடங்களில் கட்டைகள் தவறியிருப்பது யார் காதுக்கும் தெரியும். அந்தத் தட்டுகளை இன்றும் தேடிக் கேட்கிறார்கள். வாக்கியம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

• கல்யாணத்தில் சினிமாப் பாட்டு கேட்டால் அலட்சியமாக வாசிக்காதீர்கள். அதிலும் சொல் இருக்கிறது, மூச்சு இருக்கிறது.

• ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பிடிக்குப் பிடி நகல் எடுக்காதீர்கள். பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் வாசித்தவர் அந்தச் சிறு இடத்துக்காகச் சுருக்கியதையே முழு அளவென்று எடுத்துக்கொண்டால், வீதியுலாவில் நாலு வீதிக்கு அது காணாது. எந்தப் பிடியிலிருந்து எந்தப் பிடிக்குப் போகிறார், பஞ்சமத்தை எங்கெல்லாம் விட்டுத் தாண்டுகிறார் என்று எழுதி வையுங்கள். பிறகு தட்டை நிறுத்திவிட்டு, உங்கள் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, காந்தாரத்திலிருந்து நீங்களே தொடங்குங்கள்.