பூனை வளர்ப்பு: முதல் நாளிலிருந்து கருத்தடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பூனை வளர்ப்பது சுலபம் என்று சொல்லித்தான் பலரும் குட்டியைக் கையில் கொடுப்பார்கள். பாதி உண்மை. அடிக்கடி குளிப்பாட்ட வேண்டாம், நடைக்குக் கூட்டிப்போக வேண்டாம். ஆனால் ஐந்தாவது மாதத்தில் செய்யவேண்டிய ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், ஒரு வருடத்துக்குள் வீடு நிறையக் குட்டிகள் இருக்கும். பிறகு அவற்றைப் பையில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவருவது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. 'அங்கே பிழைத்துக்கொள்ளும்' என்பார்கள். பால்குடி மறக்காத குட்டி, நாய்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே எப்படிப் பிழைக்கும்? சோறு, தண்ணீர், தடுப்பூசி போலவே கருத்தடையும் அடிப்படைப் பராமரிப்பு என்ற எண்ணத்தோடு குட்டியை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

படி 1: குட்டி வரும் முன்

எட்டு வாரமாவது தாயிடம் இருந்த குட்டியையே எடுங்கள். முதல் சில நாட்களுக்கு ஓர் அறை போதும்: ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, தண்ணீர், மலஜலத்துக்கு மண் தட்டு. தட்டைச் சாப்பாட்டுக்குத் தள்ளியே வையுங்கள். நாற்றம் அடித்தால் பூனை அதில் கால் வைக்காது, தினமும் அள்ள வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு அதிகமாக இருப்பது நல்லது. மாடி வீடு என்றால் பால்கனிக்கு வலை கட்டிவிடுங்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பது பொய்.

படி 2: சாப்பாடு

பூனை முழு அசைவப் பிராணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் இதயமும் பார்வையும் கெடும். தயிர்சாதத்திலும் பால்சோற்றிலும் வளரும் பூனை உயிரோடு இருக்கலாம், ஆரோக்கியமாக இருக்காது. நாய்க்கான உணவும் இதற்குப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். மீனை வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். மத்தி போன்ற மீன்களைத் தினமும் பச்சையாகப் போட்டால் பி1 வைட்டமின் குறைந்து நரம்புகள் பாதிக்கப்படும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு கூடவே கூடாது. அவை ரத்தத்தின் சிவப்பணுக்களை அழிக்கும்.

படி 3: வீட்டுக்குள் இருக்கும் விஷங்கள்

காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பாராசிட்டமால் கொடுத்து இறந்த பூனைகள் நிறைய. ஒரே மாத்திரை உயிரைப் போக்கும். பினாயில் போட்டுத் துடைத்த ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குவதும், அந்துருண்டையை உருட்டி விளையாடுவதும் ஆபத்து. நாய்க்கு உண்ணி போக விடும் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் அதைப் பூனை மேல் விடவே கூடாது.

படி 4: தடுப்பூசி, குடற்புழு நீக்கம்

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் கூட்டுத் தடுப்பூசி போட வேண்டும். குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் பான்லூக்கோபீனியாவை இதுதான் தடுக்கிறது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பூனை பிறாண்டினாலும் கடித்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

படி 5: கருத்தடை ஏன், எப்போது

நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் பெண் பூனை பருவத்துக்கு வந்துவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்றே நினைப்பார்கள்: தரையில் புரளும், முன்பக்கம் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கும், வாலை ஒருபுறம் ஒதுக்கும், ராத்திரி முழுக்க அடித்தொண்டையில் கத்தும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் அதே அவஸ்தை. நம் பக்கம் பகல் பொழுது வருடம் முழுக்க அதிகம் கூடிக் குறைவதில்லை என்பதால் இந்தச் சுழற்சிக்குப் பெரிதாக ஓய்வு கிடையாது. பூனைக்கு இணைசேரும்போதுதான் கருமுட்டை வெளிப்படும். ஒரு ராத்திரி வெளியே போய்வந்தாலே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் மூன்று நான்கு குட்டிகள்.

பருவத்துக்கு வரும் முன்பே அறுவை சிகிச்சை செய்தால் கிடைக்கும் நன்மை சாதாரணமானது அல்ல. ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் 91 சதவீதம் குறைவு என்று 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றாகவே இருப்பதால் இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம். கருப்பையில் சீழ் கோக்கும் நோயும் வராது. 'ஒரு ஈத்தாவது போடட்டும்' என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. பருவத்தைத் தள்ளிப்போட ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் கொடுப்பது அந்தக் கட்டிகளையும் சீழையும் வரவழைக்கும் வழி.

கடுவனுக்கும் அவசியம். கருத்தடை செய்யாத கடுவன் சுவரிலும் சோபாவிலும் சிறுநீர் பீய்ச்சும், நாள்கணக்கில் காணாமல் போகும், சண்டையில் காது கிழிந்து வரும். அந்தக் கடியில்தான் பூனைகளின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் எஃப்ஐவி வைரஸ் பரவுகிறது. மனிதர்களுக்கு அது தொற்றாது. பீய்ச்சும் பழக்கம் பெரும்பாலான கடுவன்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் நின்றுவிடும்.

படி 6: ஆபரேஷன் நாளும் அதன் பிறகும்

எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். குட்டிகளை ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். மூடிய கூடையில்தான் கொண்டுபோக வேண்டும், மடியில் வைத்து பைக்கில் போகாதீர்கள். மயக்கம் தெளியும்வரை தரையில் துணி விரித்து, கதகதப்பாக, உயரம் ஏற முடியாத இடத்தில் படுக்க வையுங்கள். பெண் பூனைக்குப் பத்து நாளாவது ஓட்டமும் தாவலும் வேண்டாம். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். தினம் இருமுறை காயத்தைப் பாருங்கள்: லேசான சிவப்பு சகஜம்; வீக்கம், நீர், நாற்றம் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கடுவன் சில நாளில் தேறிவிடும், ஆனால் சில வாரங்களுக்கு அதனால் சினையாக்க முடியும்; கருத்தடை ஆகாத பெண் பூனையோடு விடாதீர்கள்.

பூனை குண்டாவது ஆபரேஷனால் மட்டுமல்ல. உடலுக்குத் தேவையான சக்தி குறைந்த பிறகும் அதே அளவு சாப்பாட்டைப் போடுவதால்தான். சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்து, தினமும் கயிறோ பந்தோ காட்டி ஓடவிடுங்கள். விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். எந்த வயதுக் கடுவனானாலும் மண் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்து சிறுநீர் வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு ஒரே நாளில் உயிரை எடுக்கும்.

ஏற்கெனவே குட்டி போட்ட பூனை வீட்டில் இருந்தால், குட்டிகள் பால் மறக்கும்வரை, ஏறக்குறைய எட்டு வாரம், தாயை வெளியே விடாதீர்கள். பால் கொடுக்கும்போதே அது மறுபடி சினையாகும். பால் வற்றியதும் தாயைக் கூட்டிப்போங்கள். குட்டிகளை யாருக்காவது கொடுப்பதானால் எந்த மாதம் கருத்தடை செய்ய வேண்டும் என்பதைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.