கப்பலில் ஒரு குடித்தனம்

வானூர்திப் பயணம் செல்வர்க்கே எட்டிய நாளில், தமிழகத்து எளிய குடும்பங்கள் மலாயா செல்லக் கடலையே நம்பியிருந்தன. சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று மீண்ட கப்பல்களுள் ‘ரஜூலா’ பெயர் பெற்றது. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற அக்கப்பல், 1973 வரை உழைத்தது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. தளப்பயணிகளுக்குத் தனி அறை இல்லை. விரித்த பாயே வீடு.

1941 டிசம்பரில் மலாயாவில் மூண்ட போர் இவ்வழியை அடைத்துவிட்டது. கணவர் அங்கும் மனைவி மக்கள் இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. 1945-இல் போர் ஓய்ந்தது. பின்னர்க் கப்பல்கள் மீண்டும் ஓடின. தந்தையை நிழற்படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகளும் அவற்றில் ஏறினர். அத்தகைய குடும்பம் ஒன்றின் பயணத்தைக் காண்க: ஒரு தாய், பத்து வயது மகள், தந்தை கப்பலேறிய பின் பிறந்த ஆறு வயது மகன்.

நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையை அணுக இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று, கப்பலின் பக்கத்தில் இறக்கப்பட்ட ஏணியில் ஏறவேண்டும். அலை படகைத் தூக்கும் நொடியில் காலை எடுத்து வைத்தல் வேண்டும். தாய் மகனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

முதல் நாள் எவரும் உண்ணவில்லை. கடல்மயக்கம் அனைவரையும் கிடத்திவிட்டது. அடுத்த பாயில் இருந்த முதியவள் எலுமிச்சை ஊறுகாயைப் பகிர்ந்தளித்தாள். மறுநாள் எழுந்தவர்கள் ஊரும் பெயரும் வினவிக்கொண்டனர். மாலைக்குள் அத்தை, மாமன் என்னும் முறைகள் பிறந்துவிட்டன. ஆயினும் தண்ணீர்க் குழாயடியில் பூசல் ஓயவில்லை என்பதையும் கூறவேண்டும்!

நாகையிலிருந்து பினாங்கு 1,200 கடல்மைலுக்கும் மேற்பட்ட தொலைவு. ஏறத்தாழ நான்கைந்து நாள். நீரும் வானுமன்றி வேறொன்றும் இல்லாத அந்நாள்களில், நீர்மட்டத்தின்மேல் வெள்ளியெனப் பறந்து வீழும் பறவைக்கோலா மீன்களை எண்ணுவதே சிறுவர்க்கு விளையாட்டு. கப்பற் கடிகாரம் அவ்வப்போது முன்னே தள்ளிவைக்கப்பட்டது. கிழக்கே செல்லச் செல்லக் கதிரவன் முந்தி உதிப்பான் அன்றோ? மலாயாவின் நேரம் அன்று இந்திய நேரத்தைவிட 2 மணி முற்பட்டிருந்தது.

மூன்றாம் நாள், பெரிய நிக்கோபாருக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட கடலில் பெருமழை அடித்தது. கட்டியிருந்த கித்தானையும் மீறிச் சாரல் புகுந்தது, பாய்கள் நனைந்தன. அன்றிரவு மகனின் உடல் சுட்டது.

தாய் அஞ்சியது காய்ச்சலுக்கு மட்டுமன்று. கப்பலில் அம்மை முதலிய தொற்றுநோய் காணப்பட்டால், பயணிகளைக் கரையில் விடாது ஜெரஜாக் தீவில் தங்கவைத்தல் பினாங்கில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆறாண்டு காத்த பின்னும் கரையைக் கண்டவாறே தீவுக்குச் செல்வதா? முதியவள் சுக்குக் கஷாயம் தந்தாள். மகள் நனையாத சேலையொன்றைத் தம்பிக்குப் போர்த்தினாள். இருவரும் மாறி மாறி விழித்திருந்தனர்.

“அம்மா, அப்பா என்னை எப்படி அடையாளம் காண்பார்?” என்று சிறுவன் கேட்டான். அவள் விடை கூறாது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மலாக்கா நீரிணையில் சுமத்திரா அலையைத் தடுத்தலால் கடல் அடங்கியது. காய்ச்சலும் தணிந்தது. ஐந்தாம் நாள் விடியலில் பினாங்கு மலை நீலமாய் எழுந்தது. தாய் இருவர்க்கும் தலைவாரி, பெட்டியடியிலிருந்த புத்தாடையை உடுத்தினாள். மருத்துவர் வரிசையாகப் பார்த்துவந்தார். சிறுவனின் நாக்கையும் கைகளையும் நோக்கிவிட்டு, மேலே செல்லுமாறு கைகாட்டினார்.

துறையில் மெலிந்த மனிதர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிறுவன் கையிலிருந்த படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அக்கா, படத்தில் நரை இல்லையே!” என்றான்.